மின்னும் மீனும்: கொலம்பியா ஆற்றில் ஓர் உடன்படிக்கை

'மீன்' என்னும் சொல் 'மின்' என்னும் அடியிற் பிறந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளருள் ஒரு சாரார். 'கெடு' என்பது முதனிலை திரிந்து 'கேடு' என நின்றாற் போல, மின்னும் இயல்புடையது 'மீன்' ஆயிற்று என்பது அவர் கருத்து. வானிலே மின்னுவதும் மீன். நீரிலே மின்னுவதும் மீன். முன்னோர் மின் என்றது மேகத்திடை எழும் ஒளியை. நாமோ ஆற்றை மறித்து, வீழும் நீரினாற் பொறியைச் சுழற்றிப் பெறும் ஆற்றலையும் அப்பெயராலேயே வழங்குகின்றோம். சொல்லளவில் உடன்பிறப்பாகிய இவ்விரண்டும் பொருளளவிற் பகைகொண்டு நின்ற ஆறு ஒன்று வட அமெரிக்காவில் உண்டு. அதன் பெயர் கொலம்பியா. அப்பகை ஓரிடத்திலே தணிந்தது. தணிந்த வகையை அறிந்து கொள்ளுதல், ஆறும் அணையும் உடைய எந்நாட்டார்க்கும் பயன் தருவதாகும்.

ஆறும் அதன் மீனும்

கொலம்பியா கனடா நாட்டு மலைகளிலே தோன்றி, ஐக்கிய அமெரிக்காவினுட் புகுந்து, வாஷிங்டன் மாநிலத்தினூடே வளைந்து, பின்பு வாஷிங்டனுக்கும் ஓரிகனுக்கும் எல்லையாய் மேற்கே ஓடிப் பசுபிக் சமுத்திரத்தில் விழுகின்றது. அதன் நீளம் ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர். மலைப்பனி உருகி வரும் நீரே அதன் பெருஞ் செல்வம்.

இவ்வாற்றின் தலையாய மீன் சால்மன். தகரப் பேணியில் அடைத்து விற்கப்படும் மீன்களுள் ஒன்றாகவே நம்மவர் பலர் அதனை அறிவர். அதன் வாழ்க்கையோ வியக்கத்தக்கது. ஆற்றின் அடியிலே, கூழாங்கற்களின் இடையே, முட்டையினின்றும் வெளிப்படுகின்றது. சிறு குஞ்சாய் ஆற்றோடு சென்று கடலை அடைகின்றது. அங்கே சில ஆண்டுகள் உண்டு பெருத்துத் திரிந்து, பருவம் வந்தவுடன் தான் பிறந்த நீரையே தேடித் திரும்புகின்றது. பிறந்த ஓடையின் மணத்தை அது நினைவிற் கொண்டிருக்கின்றது என்பர் விலங்கியலறிஞர். நன்னீரிற் புகுந்த பின் அது இரை கொள்வதில்லை. உடலிற் சேர்த்து வைத்த கொழுப்பைக் கொண்டே எதிர்நீச்சலிட்டு மேலேறி, பெண்மீன் வாலினாற் கல்லைக் கிளறிக் குழி தோண்டி முட்டையிட, ஆண்மீன் அதனைச் சினைப்படுத்த, இரண்டும் சில நாளில் அங்கேயே இறந்தொழிகின்றன. பசுபிக் சால்மனுள் மிகப் பெரியதாகிய சினூக் என்னும் வகை பற்றியே இங்கு பேசப் புகுந்தோம்.

வெள்ளையர் வருமுன்னர் இவ்வாற்றுக்கு ஆண்டுதோறும் திரும்பிய சால்மனும் அதன் இன மீன்களும் ஒரு கோடிக்கும் ஒரு கோடியே அறுபது இலட்சத்துக்கும் இடைப்பட்டனவாக இருந்திருக்கும் என மதிப்பிட்டிருக்கின்றனர். ஆற்றங்கரையிலே தொன்றுதொட்டு வாழ்ந்த குடிகட்கு அம்மீனே உணவு, அதுவே வாணிகம், அதுவே வழிபாட்டுப் பொருள். யக்கிமா, உமட்டில்லா, வோர்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பேர்ஸ் முதலிய குடியினர் 1855ஆம் ஆண்டிலே அமெரிக்க அரசுடன் ஒப்பந்தஞ் செய்து பெருநிலத்தைக் கைவிட்டபொழுதும், வழக்கமாக மீன்பிடித்து வந்த துறைகளிலே மீன்பிடிக்கும் உரிமையை மாத்திரம் விட்டுக்கொடாது வைத்துக்கொண்டனர். பின்னாளில் மீனுக்காக நிகழ்ந்த வழக்குகள் பலவற்றுக்கு இந்த உரிமையே வேர்.

அணைகள் எழுந்தமை

1930ஆம் ஆண்டுகளின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்திலே, தொழிலற்றோர்க்குத் தொழிலும் நாட்டுப்புறத்துக்கு ஒளியும் தரக் கருதி, அமெரிக்க அரசு கொலம்பியாவை மறிக்கத் தொடங்கிற்று. கடலிலிருந்து வருவார்க்கு முதலாவதாக எதிர்ப்படும் பொன்வில் அணை 1938ஆம் ஆண்டிலே மின் தரத் தொடங்கியது. அங்கே மீன் ஏறிச் செல்வதற்கென்று படிப்படியாகத் தொட்டிகள் அமைத்து நீர் விட்டனர். மீன் ஏணி என்பது அதற்குப் பெயர். ஏறிச் செல்லும் மீன்களை அவ்வாண்டு முதல் இன்றுவரை அங்கே எண்ணி வருகின்றனர்.

1941இல் மின் தரத் தொடங்கிய கிராண்ட் கூலி அணையின் கதை வேறு. அதன் உயரம் 550 அடி. அத்துணை உயரத்துக்கு ஏணி அமைத்தல் அரிதென்று கருதி, அங்கே மீனுக்கு வழி வையாதே விட்டனர். அணைக்கு மேலுள்ள நீர்ப்பரப்பு முழுவதும் சால்மனுக்கு அடைபட்டது. அணையின் பின்னே நீர் தேங்கிக் கெட்டில் நீர்வீழ்ச்சியாகிய பழைய மீன்துறையை மூழ்கடிக்கப் போவதை அறிந்த குடியினர் பல்லாயிரவர் 1940 ஜூன் மாதத்தில் அங்கே கூடி, மூன்று நாள் துக்கங் காத்தனர். 'கண்ணீர்ச் சடங்கு' என்றே அந்நிகழ்ச்சி வரலாற்றிற் குறிக்கப்படுகின்றது. 1957 மார்ச் 10ஆம் நாள் டால்ஸ் அணையின் கதவுகள் மூடப்பட்டபொழுது, செலைலோ என்னும் மற்றொரு புகழ்பெற்ற மீன்துறையும் சில மணி நேரத்துள் நீருள் மறைந்தது.

இன்று கொலம்பியாவின் பேராற்றிலே மாத்திரம் அணைகள் பதினான்கு. அவற்றுள் மூன்று கனடாவில், ஏனைய பதினொன்று அமெரிக்காவில் உள்ளன. ஆறு என்று சொல்லினும், பெரும்பாலான இடங்களில் அது ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் ஏரிகளின் வரிசையே.

எஞ்சிய ஐம்பத்தொரு மைல்

இந்த ஏரி வரிசையினிடையே, பிரீஸ்ட் ராப்பிட்ஸ் என்னும் அணைக்குக் கீழே, 51 மைல் தூரம் மாத்திரம் ஆறு ஆறாகவே ஓடுகின்றது. ஹான்போர்ட் பகுதி என்பது அதன் பெயர். அது தப்பியதற்குக் காரணம் மீனின் மீது எவரும் கொண்ட இரக்கமன்று. 1943இல் அமெரிக்க அரசு அணுகுண்டுக்குரிய புளூட்டோனியம் ஆக்குவதற்காக அக்கரைப் பிரதேசத்தைக் கைப்பற்றி, அங்கிருந்த உழவரையும் வனப்பம் என்னும் பழங்குடியினரையும் வெளியேற்றி, ஊரறியாதபடி அணுவுலைகளை அமைத்தது. 1945இல் நாகசாகியின்மேல் வீழ்ந்த குண்டின் கரு அங்கே ஆக்கப்பட்டது. காவலுள் இருந்த அந்நிலத்திலே ஊர் பெருகவில்லை, வயல் விரியவில்லை. பின்னர் ஓர் அணை கட்டுதற்கு வகுத்த திட்டமும் நிறைவேறவில்லை. பிறவிடத்து உயிரழித்த கருவி பிறந்த கரையே, இங்கு மீனினத்துக்குப் புகலிடமாய் நின்றது. அணுக்கழிவை அகற்றும் வேலை அங்கு இன்னமும் முடிந்தபாடில்லை என்பதையும் மறைத்தலாகாது. 2000ஆம் ஆண்டிலே அப்பகுதி தேசிய நினைவுப் பிரதேசமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

இலையுதிர் காலத்திலே வந்து முட்டையிடும் சினூக் மீனுக்கு, கொலம்பியாவில் இன்று எஞ்சியுள்ள மிகச் சிறந்த இடம் இதுவே. 'மேலாற்று ஒளிமீன்' எனப் பொருள்படும் பெயராலே அம்மீன் கூட்டத்தை அந்நாட்டார் அழைக்கின்றனர். கடலின் வெள்ளியொளி மாறாது நெடுந்தூரம் ஏறி வருவதனால் வந்த பெயர் அது. மின்னுதலால் மீன் எனப் பெயரிட்டோர் கருத்தும் அதுவே போலும்!

பகலிற் பெருகி இரவில் வற்றும் ஆறு

அணையில்லாத இடத்திலே மீனுக்கு என்ன குறை என்று வினவலாம். குறை மேலேயுள்ள அணைகளிலிருந்து வந்தது.

மின்சாரத்தைப் பெருமளவிற் சேமித்து வைத்தல் அரிது. வேண்டும்பொழுது ஆக்குதலே எளிது. மக்கள் விழித்து அடுப்பு மூட்டித் தொழிற்சாலை இயக்கும் பகற்பொழுதில் மின் மிகுதியாக வேண்டும். உறங்கும் இரவிற் சிறிதே போதும். ஆகவே அணையை நடத்துவோர் பகலிலே நீரை மிகுத்தும் இரவிலே குறைத்தும் விடுவர். அதனால் அணைக்குக் கீழே ஆற்றின் மட்டம் ஒரே நாளிற் பல அடி ஏறி இறங்கும்.

பிரீஸ்ட் ராப்பிட்ஸ் அணைக்குச் சற்றுக் கீழே வெர்னிட்டா என்னும் பரற்கல் திட்டு ஒன்று உண்டு. சினூக் மீன் பெருந்தொகையாகக் கூடும் இடம் அது. இம்மீன் பெரும்பாலும் பகலிலேயே முட்டையிடும். பகலில் நீர் உயர்ந்திருத்தலால், திட்டின் மேற்புறத்திலே ஆழம் உண்டென்று நம்பிக் குழி தோண்டி முட்டையிட்டுவிடும். இரவில் நீர் வற்றும், குழி வெளிப்படும். அடுத்த மாதங்களிலே நீர் இன்னுங் குறையுமாயின், கூழாங்கல்லினுள்ளே கிடக்கும் முட்டையும் குஞ்சும் உலர்ந்தும் உறைந்தும் அழியும். தாய்மீன் செய்த தவறு ஒன்றுமில்லை, ஆற்றை நம்பிற்று. ஆறோ மனிதன் கையிலே இருந்தது.

முறைமாற்றிய உடன்படிக்கை

மீன்வளத் திணைக்களத்தாரும் பழங்குடியினரும் இதனை எடுத்துக்காட்டி முறையிட, ஆய்வும் வாதமும் ஆண்டுகள் பல நடந்தன. ஈற்றிலே 1988இல் வெர்னிட்டாத் திட்டு உடன்படிக்கை கைச்சாத்தானது. அதன் உட்கிடை மிக எளிது. முட்டையிடும் பருவமாகிய ஒக்டோபர் நடுப்பகுதி தொடக்கம் நவம்பர் பிற்பகுதி வரை, வழக்கத்தைத் தலைகீழாக மாற்றிப் பகலிலே நீரைக் குறைத்து இரவிலே கூட்டுவது என்பதே அது. பகலில் நீர் தாழ்ந்திருப்பதால், மீன் திட்டின் கீழ்ப்புறத்திலேயே குழி தோண்டும். பின்வரும் மாதங்களில் அவ்விடத்தை நீரால் மூடி வைத்தல் எளிதாகும். ஆற்றில் ஓடும் நீரின் மொத்தம் குறைந்ததில்லை; அது ஓடும் நேரமே மாறிற்று.

நேரத்தை மாற்றியதோடு அமையாது, அளவு கோலும் ஒன்று வகுத்தனர். பருவத்தின் வாரவிறுதிகளிலே, வைகறையில், அணையின் நீரை வேண்டுமென்றே குறைப்பர். மின்சபையின் உத்தியோகத்தரும் மீன்வளத் துறையினரும் வெளிப்பட்ட திட்டின்மேல் ஒருங்கே நடந்து, புதிதாகத் தோண்டப்பட்ட குழிகளை ஒவ்வொன்றாக எண்ணுவர். எந்த மட்டத்தில் எத்தனை குழி என்பதைக் கொண்டு, அவ்வாண்டு குளிர்காலம் முழுவதும் ஆற்று நீர் எவ்வளவுக்குக் கீழே இறங்கலாகாது என்பதை உறுதி செய்வர். செக்கனுக்கு 50,000 கன அடிக்கும் 70,000 கன அடிக்கும் இடைப்பட்டதாக அவ்வெல்லை அமையும். 70,000 கன அடி நீர் எட்டும் உயரத்துக்கும் மேலே ஏறி முட்டையிட்ட மீனுக்கு உடன்படிக்கை பொறுப்பேற்பதில்லை. மின் பக்கத்தார் பகல் வருவாயிலே ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தனர். மீன் பக்கத்தார் மேற்றிட்டுக் குழிகளை விட்டுக்கொடுத்தனர்.

அதன் பின்னும் காவல் உண்டு. நாள்தோறும் நீரின் வெப்பத்தைச் சதமப் பாகையிற் குறித்துக் கூட்டி வருவர். நீர் ஒரு நாள் 10 பாகையாயின் 10 என்றும், மறுநாள் 9 பாகையாயின் 19 என்றும் கணக்கு ஏறும். அத்தொகை ஏறத்தாழ 500 ஆகும்போது முட்டை பொரிக்கும். ஏறத்தாழ 1,000 ஆகும்போது குஞ்சு கல்லிடையினின்றும் வெளிவந்து நீந்தத் தொடங்கும். பொரியாத முட்டை ஈரக்கல்லின் நடுவே நீரின்றிச் சிலபொழுது உயிர்தாங்கும். பொரித்த குஞ்சோ செவுளால் மூச்சு விடுவதாகலின், நீரின்றி நெடுநேரம் வாழாது. ஆகவே பொரிக்கும் முன்னர் அணைக்குச் சிறிது நெகிழ்ச்சியும், பொரித்த பின்னர் கண்டிப்பும் வைத்தனர். ஆற்றை நடத்தும் கால அட்டவணையை மீனின் கருவளர்ச்சியே வகுக்கலாயிற்று.

ஏழு அணைகள், ஒரு கணக்கு

குஞ்சு வெளிவந்த பின்னர் வேறொரு தீங்கு காணப்பட்டது. வசந்த காலத்திலே சிறு குஞ்சுகள் கரையோர ஆழமற்ற நீரிலே இரை தேடும். நீர் திடீரென இறங்கினால் அவை கல்லின்மேற் கிடந்து மடியும். அன்றிக் குட்டையிலே சிக்கி, வெயிலேறச் சூடுபட்டோ பறவைக்கு இரையாகியோ அழியும். 1990ஆம் ஆண்டுகளின் பிற்பகுதி தொடக்கம் இதனை ஆராய்ந்து, 2004இல் முன்னைய உடன்படிக்கையை விரித்து, ஹான்போர்ட் இலையுதிர்காலச் சினூக் பாதுகாப்புத் திட்டம் என ஆக்கினர். ஆற்றில் நீர் குறைந்த நாளிலே மட்ட மாற்றம் மிகச் சிறிதாயும், நீர் மிகுந்த நாளிலே சற்று விரிந்தும் இருக்கலாம் என்பது அதன் புதிய விதி.

இதனைப் பிரீஸ்ட் ராப்பிட்ஸ் அணை தனித்து நிறைவேற்றல் ஒல்லாது. வரிசையில் ஏழாவதாக நிற்கும் அவ்வணையின் தேக்கம் சிறிது. மேலேயுள்ள கிராண்ட் கூலி நீரைத் திறந்துவிட்டால், அது வழியிலுள்ள ஐந்து அணைகளையும் கடந்து கீழே வந்தே தீரும். ஏழு அணைகளுக்கும் உடையவர் ஒருவரல்லர். கிராண்ட் கூலி மத்திய அரசின் நிலமீட்புப் பணியகத்துக்கும், சீப் ஜோசப் படைப் பொறியியலாளர் பிரிவுக்கும் உரியவை. ஏனைய ஐந்தும் டக்ளஸ், செலான், கிரான்ற் என்னும் மூன்று மாவட்டங்களின் பொது மின்சபைகட்கு உரியவை. மத்திய அணைகளின் மின்னை விற்பது பொன்வில் மின் நிருவாகம்; மீனைக் காக்கும் பொறுப்பு மத்திய மீன்வளத் துறைக்கும் மாநிலத் திணைக்களத்துக்கும்; தொன்மை உரிமை பழங்குடிகளுக்கு. ஆற்றை ஒருவர் கையிலே கொடுத்துத் தீர்க்கும் வழி இங்கு இல்லை. ஆகவே மூன்று மின்சபைகளும், பொன்வில் நிருவாகமும், மத்திய, மாநில மீன்வளத் துறையினரும், கொல்வில் குடியினரும் ஒருங்கே உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். மேலணையில் நீர் திறப்போர்க்கும் கீழே குஞ்சு எண்ணுவோர்க்கும் இடையே, நாள்தோறும் செய்தி சென்று மீண்டுகொண்டிருக்கின்றது.

2008இல் பிரீஸ்ட் ராப்பிட்ஸ் திட்டத்துக்கு 44 ஆண்டுகளுக்குப் புதிய அனுமதி வழங்கப்பட்டபொழுது, இவ்வுடன்படிக்கையும் அதனுள் அடங்கிற்று. அன்பினாற் செய்த வாக்கு இவ்வாறு சட்டத்தின் பாற்பட்டது.

பயன் யாதெனின், 2013ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலே பொன்வில் அணையைக் கடந்த சினூக் மீன் ஒன்பது இலட்சத்து ஐம்பதினாயிரத்துக்கு மேல். 1938இல் எண்ணத் தொடங்கியது முதல் அதுவரை இலையுதிர்காலச் சினூக் அத்துணைப் பெருந்தொகையாக வந்ததில்லை. அவற்றுட் பெரும்பங்கு மேலாற்று ஒளிமீனே. அவ்வொளிமீனின் முதன்மையான பிறப்பிடம் ஹான்போர்ட். கடலிலே இரை மிகுந்திருந்தமையும் அப்பெருக்குக்கு ஒரு காரணமாம். எல்லாப் புகழையும் உடன்படிக்கைக்கே சூட்டுதல் முறையன்று. ஆயினும், குழியிலே உலர்ந்து போயிருந்தால் அவை கடலைக் காணவே மாட்டா.

உடன்பாடு எட்டாத இடங்கள்

இக்கதை கொலம்பியா முழுவதற்கும் பொருந்துமென்று கருதிவிடலாகாது. அதன் பெருங் கிளையாறாகிய ஸ்நேக் ஆற்றின் கீழ்ப்பகுதியிலே 1961க்கும் 1975க்கும் இடையே நான்கு அணைகள் எழுந்தன. அவ்வாற்றுச் சொக்கை என்னும் சால்மன் வகை 1991இல் அழிவின் விளிம்பிலுள்ள உயிராக அறிவிக்கப்பட்டது. கடலிலிருந்து ஏறத்தாழ 900 மைல் ஏறி வந்து ரெட்பிஷ் ஏரியை 1992இல் அடைந்த சொக்கை ஒன்றே ஒன்று! அங்கே நேரத்தை மாற்றுதல் மாத்திரம் போதாது. குஞ்சுகள் எட்டு அணைகளைத் தாண்டிக் கடலுக்குச் செல்லல் வேண்டும். பொறியினுட் புகாது அவை மதகின் மேலாகச் செல்ல நீரை வழியவிடுதல் ஒரு முறை. வழியும் நீர் மின் தராது. அளவு மிஞ்சின் நீரிலே காற்று மிகுந்து கரைந்து மீனுக்கு நோயாகும். 2018 டிசெம்பரிலே, மின்னுக்கு விலை தாழ்ந்த வேளைகளில் மிகுதியாகவும், விலை உயர்ந்த வேளைகளிற் குறைவாகவும் வழியவிடுவதென ஓர் உடன்பாடு கண்டனர். சூரிய மின் பெருகியதனாற் பகல் நடுவிலே மின்விலை தாழ்ந்தமை அதற்கு உதவிற்று. வெர்னிட்டாவிற் கண்ட நெறியே இங்கும் ஆளப்பட்டது எனலாம்.

ஆயின் ஆட்சி மாறினால் உடன்பாடும் மாறக்கூடும். மத்திய அரசும், வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களும், நான்கு குடிகளும் 2023 டிசெம்பரிலே செய்த பரந்த ஒப்பந்தத்தை, 2025 ஜூனில் ஜனாதிபதியின் ஆணை ஒன்று நீக்கிற்று. வழக்கு மீண்டும் மன்றமேறியது. ஒப்பத்தை அழிக்க ஒரு நாள் போதும். மீனினத்தின் ஒரு சுழற்சிக்கோ நாலைந்து ஆண்டுகள் வேண்டும்.

கிராண்ட் கூலிக்கு மேலே நிலைமை இன்னும் வேறு. அங்கே அட்டவணையை எவ்வாறு மாற்றினும் பயனில்லை. மாற்றுதற்கு மீனே இல்லை. எண்பது ஆண்டு கழிந்த பின்னர், 2019இலே, கொல்வில் குடியினர் முதிர்ந்த சால்மன்களைக் கொண்டுபோய் அடைபட்ட நீரிலே விட்டனர். 2023 செப்டெம்பரில், மேலாற்றுக் குடிகள் சால்மனை மீளக் குடியேற்றும் முயற்சிக்கு இருபது ஆண்டுகளில் 20 கோடி டொலர் தருவதாகப் பொன்வில் நிருவாகம் உடன்பட்டது. தொடக்கத்திற் பேசி முடித்திருக்க வேண்டியதைப் பிந்திப் பேசுவதற்கு எத்துணை விலை என்பதை இத்தொகை காட்டும்.

கண்ணாற் காணும் கணக்கு

வெர்னிட்டா உடன்படிக்கை முப்பதாண்டுகளுக்கு மேலாக நிலைத்து நிற்பதன் காரணத்தை ஆராயின், அது மிகுதியாக ஒன்றையும் கேட்கவில்லை என்பது முதலிற் புலனாகும். அணையை இடிக்கச் சொல்லவில்லை. மீனை மறக்கவும் சொல்லவில்லை. முட்டைக்கு எந்த மாதத்தில் எத்துணை நீர் வேண்டும், விளக்குக்கு எந்த நேரத்தில் எத்துணை நீர் வேண்டும் என இரண்டையும் தனித்தனி வினவிற்று. மீனின் தேவை பருவத்தைப் பற்றியது. மின்னின் தேவை பொழுதைப் பற்றியது. இரண்டும் எல்லா வேளையிலும் மோதுவதில்லை என்பது அப்பொழுது தெரிந்தது.

மற்றொரு காரணம், எண்ணுவோர் இரு பக்கத்தாரும் ஒருங்கே நின்று எண்ணுதல். ஒருவர் எண்ணி மற்றவர் ஐயுறும் கணக்கிலே வழக்கு முளைக்கும். குளத்து நீரை முறைவைத்துப் பாய்ச்சும் உழவர், மடைவாயிலே இருவராய் நின்று நீரளப்பது இதனாலேயே. கார்காலத்து வைகறையிலே, ஈரக்கல்லின்மேல் மின்சபை உத்தியோகத்தரும் மீன்துறை உத்தியோகத்தரும் அடுத்தடுத்து நடந்து, ஒரே குழியைச் சுட்டி ஒரே எண்ணைச் சொல்லுகின்றனர். அவ்வெண்ணின்மேலேயே அவ்வாண்டின் மின்னும் மீனும் நிற்கின்றன. அடுத்த ஒக்டோபரிலே கடலினின்றும் புதிய மீன் வரும். அவர்களும் மீண்டும் திட்டிலே இறங்கி, முதலிலிருந்து எண்ணத் தொடங்குவர்.